கொடுத்த கைகளுக்கு ஒரு புகழுரை

கடல் கடந்து வாழும் உறவுகளே, உங்களைப் போல் வேகமாகக் கொடுப்பவர்களை நான் கண்டதில்லை. 2025 நவம்பர் கடைசியில் இலங்கைக்கு டித்வா புயல் வந்தபோது மாத்தளை மாவட்டத்தின் மலைப்பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டியது. நக்கிள்ஸ் மலைச் சரிவுகள் தேயிலையோடும் மிளகுக் கொடியோடும் பெயர்ந்து இறங்கின. மின்சாரம் போய்விட்டது. தொலைபேசிக் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. ரத்தோட்டைக்கு மேலே இருக்கும் தோட்டங்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கீழே நகரத்தில் இருந்த எங்களுக்கே தெரியாது. அந்த நேரத்தில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் நீங்கள் பணம் சேர்த்து, அனுப்பி, அனுப்பிய செய்தியையும் எழுதி முடித்திருந்தீர்கள். எங்களுக்கு என்ன தேவை என்று நாங்கள் அறியும் முன்பே கொடுத்துவிட்டீர்கள். மேலே போகும் பாதை திறந்தபோது அந்தப் பணத்தில் பெரும்பகுதி செலவாகி முடிந்திருந்தது.

உங்கள் நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு வங்கிக் கணக்கு எண் வந்தது. அது யாருடையது, அவர் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார், போய் வந்து யாரிடம் கணக்குச் சொல்வார் என்று நீங்கள் கேட்கவில்லை. துயரப்படுகிறவனிடம் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தீர்கள். அந்த மரியாதை உங்கள் மனத்தின் தூய்மையிலிருந்து வந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விகளை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்ற பெண்கள் எங்களிடம் கேட்டார்கள். "காசு வந்துச்சுன்னு சொன்னாங்களே டீச்சர், எங்க வந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டபோது நான் தலை குனிந்து நின்றேன். மாத்தளையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பொதி கட்டி, பெயர் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஊர்ப்பற்றில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை. பிறந்த ஊரின் பெயரில் சங்கம் வைத்து, அந்த ஊரின் பாடசாலைக்கும் கோயிலுக்கும் வாசிகசாலைக்கும் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறீர்கள். போர் முடிந்த பின் பல கிராமங்கள் எழுந்து நின்றது அந்தக் கொடையால்தான். இந்தப் புயலிலும் உங்கள் கை முதலில் உங்கள் ஊரைத்தான் தேடியது. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் நின்றது, அங்கே கொடுத்தது நியாயம். ஆனால் மலையகத் தோட்டங்களிலிருந்து கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்க் குடியேறியவர்கள் மிகக் குறைவு. ஒரு தோட்டத்து லயத்தின் பெயரில் ஸ்காபரோவில் சங்கம் கிடையாது. நெருங்கியவரைத் தேடிப் போகும் கொடை, நெருங்கியவர் வெளிநாட்டில் இல்லாதவரின் வாசலுக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டது.

இந்தத் தோட்ட மக்களின் கதை உங்களுக்குத் தெரியாததும் அல்ல. மலையகத்துக்கு அவர்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைத்து 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12 அன்று இந்த மாத்தளையில்தான் வந்து முடிந்தது. அவர்களின் முன்னோர் காட்டு வழியே நடந்து, வழியில் இறந்தவர்களை விட்டுவிட்டு வந்து சேர்ந்த ஊர் இது. அந்த நடைபயணத்தின் படங்களைப் பார்த்து நீங்கள் அழுததாக எழுதியிருந்தீர்கள். அழுததை நான் நம்புகிறேன். 200 ஆண்டுக்கு முந்தைய நடையை அவ்வளவு நன்றாக நினைவில் வைத்திருப்பவர்கள், இரண்டு ஆண்டு கழித்து அதே மக்கள் மண்ணுக்கடியில் கிடந்தபோது எந்த ஊருக்குக் கொடுப்பது என்று தேடினீர்கள்.

உங்கள் கண்ணும் நல்ல கண். படம் பார்த்தே கொடுத்தீர்கள், அதனால் படம் எடுக்க முடிந்த இடம் நிறைந்தது. நகரத்தை ஒட்டிய முகாமுக்கு லொறி மேல் லொறி வந்தது. என் கொப்பியில் ஒரு குடும்பத்தின் பெயருக்கு நேரே ஏழு உலர் உணவுப் பொதி என்று எழுதியிருக்கிறது. அவர்கள் மீது குறை இல்லை, கொடுத்ததை வாங்கினார்கள். பாதை உடைந்து கிடந்த மேல் பிரிவுக்கு முதல் அரிசி போனது பல நாள் கழித்து. அதுவும் இளைஞர்கள் தோளில் சுமந்து, சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறிக் கொண்டுபோனது.

அந்த இளைஞர்களுக்கு நாங்கள் தேநீர் வாங்கிக் கொடுக்கக்கூடப் பணம் எடுக்க முடியவில்லை, ஏனென்றால் உங்கள் நேர்மை அவ்வளவு கடுமையானது. "ஒரு சதமும் இடையில் போகக்கூடாது, முழுவதும் பாதிக்கப்பட்டவர் கைக்கே போக வேண்டும்" என்று எழுதி அனுப்பினீர்கள். நாங்கள் அப்படியே செய்தோம். டீசலுக்குக் காசு இல்லாமல் இரண்டு நாள் உழவு இயந்திரம் நின்றது. எந்த லயத்தில் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், யாருக்கு இன்சுலின் வேண்டும் என்று நடந்து போய் எழுதி வர ஒரு ஆளுக்கு நாட்கூலி கொடுக்க வழியில்லை. நிர்வாகச் செலவு இல்லாத கொடையை நீங்கள் கேட்டீர்கள், மலையடிவாரத்தோடு நின்ற கொடை கிடைத்தது. கொடுக்கும் இடத்தைத் தேடுகிறபோது அந்த அமைப்பு எத்தனை சதவீதத்தைச் சம்பளத்துக்கும் வண்டிக்கும் எடுக்கிறது என்று பார்த்துக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அந்தச் சம்பளத்தை வாங்குகிறவள்தான் லயத்துக்கு ஏறிப் போகிறவள்.

பொருளாகக் கொடுத்தவர்களின் அன்பும் சின்னதல்ல. வீட்டில் இருந்த நல்ல உடுப்புகளை எடுத்துக் கொடுத்தீர்கள். மலைக் குளிருக்கு ஸ்வெட்டர் வந்தது, அதற்கு நன்றி, உண்மையில் உதவியது. கூடவே ஜரிகை வைத்த பட்டுச் சேலைகளும் குதி உயர்ந்த செருப்புகளும் வந்தன. கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா அந்தப் பட்டை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு எங்களிடமே திருப்பித் தந்தார். அவருக்கு வேண்டியிருந்தது உள்பாவாடையும் மாதவிடாய்த் துணியும் ஒரு அடுப்பும். மாத்தளைக் கடைத்தெருவில் சில நாட்களிலேயே அவையெல்லாம் விற்பனைக்கு வந்துவிட்டன. கையில் 5,000 ரூபாய் இருந்திருந்தால் அவரே போய் வாங்கியிருப்பார். வாங்கியிருந்தால் புயலில் சரக்கு நனைந்த கடைக்காரரும் கொஞ்சம் எழுந்திருப்பார்.

இது மாத்தளையில் மட்டும் நடந்ததல்ல. 2004 சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் 20 இலட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு உலகம் 4,000 தொன் மருந்தை அனுப்பியது. பெரும்பகுதி அங்குள்ளவர்களால் வாசிக்க முடியாத மொழியில் பெயர் எழுதிய மருந்து. அதை அழிப்பதற்கே தனியாகப் பணம் தேட வேண்டியிருந்தது. அதே சுனாமியில் நாகப்பட்டினக் கரையில் வந்து குவிந்த பழந்துணிகள் மழையில் நனைந்து தெருவோரம் கிடந்ததைத் தமிழ்நாடு பார்த்தது. அனுப்பியவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான்.

அந்தச் சுனாமிக் காலத்தில் ஒரு அமைப்பு செய்ததை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, அலை அடித்துப் பத்து நாள் ஆகும் முன்பே, 'சுனாமிக்கு வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்' என்று அறிவித்தது. ஏற்கனவே வந்த பணத்தைச் செய்தியில் வராத வேறு அவலங்களுக்குப் பயன்படுத்தலாமா என்று கொடுத்தவர்களிடமே கடிதம் எழுதிக் கேட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் மிகச் சிலரே. போதும் என்று சொல்லத் தெரிந்த அமைப்பு அது, போகட்டும் என்று விடத் தெரிந்த கொடையாளிகள் அவர்கள். "இந்த முகாமுக்கு மட்டும், இந்த வாரத்துக்குள் மட்டும், எங்கள் சங்கத்தின் பெயர்ப்பலகையோடு" என்று நீங்கள் எங்கள் கையைக் கட்டிக் கொடுத்தபோது அந்தக் கடிதம்தான் என் நினைவுக்கு வந்தது.

உங்கள் துயரம் ஆழமானது, அதனால் அதிக நாள் தாங்கவில்லை. தைப்பொங்கலுக்குள் லொறிகள் நின்றுவிட்டன. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியாபெத்தவை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணில் புதைந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. அன்றைக்கு முகாமுக்கு வந்து குவிந்த உடுப்பையும் உணவையும் பார்த்தவர்கள் உண்டு. மிஞ்சியவர்களுக்குப் புது வீடு கிடைத்தது 2016இல். நடுவில் இருந்த இரண்டு ஆண்டில் கைவிடப்பட்ட தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் துணி மறைப்புக்குப் பின்னால் பெண்கள் எப்படி உடை மாற்றினார்கள் என்று கேட்டு யாரும் பணம் அனுப்பியதாக எனக்கு நினைவில்லை.

இங்கே அந்த நடுவாந்தரக் காலம் இனித்தான். முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை தருவதாக அரசாங்கம் அறிவித்தது. லயத்தில் இருப்பவருக்கு அந்த அறை சொந்தமில்லை, அது நிற்கும் மண்ணும் சொந்தமில்லை. நாலு தலைமுறையாகக் குடியிருந்தாலும் பலருக்குத் தனி விலாசம்கூட இல்லை, கடிதம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். விண்ணப்பத்தில் காணியின் உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். அதைச் சிங்களத்தில் நிரப்பிக் கொடுக்க ஒரு எழுத்தர், பிரதேச செயலகத்துக்குப் பத்து முறை கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள், காணிச் சட்டம் தெரிந்த ஒரு சட்டத்தரணி, அடுத்த ஒக்டோபர் மழைக்குள் அந்தச் சரிவைப் பார்த்துச் சொல்ல ஒரு நிபுணர் வேண்டும். இதில் எதையும் படம் பிடிக்க முடியாது. எதற்கும் பெயர்ப்பலகை வைக்க முடியாது. இதையெல்லாம் செய்கிற சின்னத் தொழிலாளர் அமைப்புகளும் பெண்கள் குழுக்களும் மலையகத்தில் இருக்கின்றன. புயலுக்கு முன்பும் இருந்தார்கள், லொறிகள் போன பின்பும் இருக்கிறார்கள். உங்கள் வாட்ஸ்அப்பில் அவர்களின் கணக்கு எண் வந்திருக்காது, அவர்கள் அப்போது மேலே இருந்தார்கள்.

உங்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்டு இப்போதுதான் எழுதியிருக்கிறீர்கள். கேட்டது நல்லது. கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புகிறேன். முதல் பக்கங்களில் ஒரு பெயருக்கு நேரே ஏழு, எட்டு என்று இருக்கும். கடைசி நாலு பக்கம், பாதை திறந்த பிறகு மேல் பிரிவுக்கு நடந்து போய் எழுதி வந்தது. அங்கே பெயர் இருக்கிறது, குழந்தைகளின் வயது இருக்கிறது, எத்தனையாவது லயம் என்று இருக்கிறது. வலது பக்கக் கட்டத்தில் நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.