ராஜாவின் கள்ளத்தட்டு

கேள்வி: பொப் டிலானின் கள்ள இசைத்தட்டுகளை மேற்கில் தேடித்தேடிச் சேர்க்கிறார்களாம். மட்டக்களப்பில் இளையராஜாவுக்கு அப்படி ஏதும் அகப்படுமா?
– வாசகர், கல்லடி

பதில்: டிலானின் வெளிவராத பாடல்கள் 1969இல் வெற்று வெள்ளை உறையில் கள்ளமாக வந்தன. தட்டு அடிக்க உலோக அச்சும் ஆலையும் வேண்டும். கசெற்றில் பாட்டுப் பதிந்துகொடுத்த நம்மூர் ரெக்கோடிங் பாருக்கு அந்தத் தொல்லையே இருக்கவில்லை: எக்கோ நிறுவனத்தின் அசல் தட்டு, ஒரு டெக், வாடிக்கையாளர் கொண்டுவந்த 90 நிமிடக் கசெற். பக்கத்துக்கு 45 நிமிடம். கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்தால் அதுதான் கடையின் முத்திரை!

ஆகவே கசெற்றையே தேடுங்கள், பேனையால் எழுதிய பட்டியலோடு.

ஆனால் ராஜா 2017இல் பாட்டுரிமைக்காகப் பாடகர் எஸ்.பி.பி.க்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியவர். பயமென்றால் கல்லடிப் பாலத்தடிக்குப் போங்கள். பௌர்ணமி இரவில் துடுப்பை வாவியில் இறக்கி, மறுமுனையில் காதை வையுங்கள். பாடும் மீன் இதுவரை எவர்மீதும் வழக்குப் போட்டதில்லை.