ஆட்டுத் தலையும் ஆனை உடம்பும்

திருவாடானைப் பக்கம் போனால் ஆதிரத்தினேஸ்வரர் கோயிலில் யாரையாவது பிடித்து ஊர்ப்பெயருக்குக் காரணம் கேளுங்கள். வருணன் மகன் வாருணி துர்வாசரிடம் வாலாட்டப் போய் சாபம் வாங்கிக்கொண்ட கதையைச் சொல்வார்கள். யானை உடம்பு, அதன் மேலே ஆட்டுத் தலை. ஆடும் ஆனையும் சேர்ந்து ஆடானை. அத்தனை கோபத்திலும் துர்வாசருக்கு என்ன கற்பனை பாருங்கள்! இதே டிசைனை 1919-ல் வெள்ளைக்காரன் காப்பியடித்து, 'இரட்டையாட்சி' என்று பெயர் மாற்றி மதராஸ் மாகாணத்துக்குக் கொடுத்தான்.

போலீஸ், நிதி, நிலவரி எல்லாம் கவர்னர் கையில். அது யானை உடம்பு. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி நம்மூர் மந்திரிகளுக்கு. அது ஆட்டுத் தலை. தலை எவ்வளவு வேண்டுமானாலும் கத்திக்கொள்ளலாம். கால் மட்டும் கவர்னர் சொன்ன பக்கம்தான் நடக்கும்.

இந்த ஜந்துவை அடக்கப் புறப்பட்டவர் நம்ம ஜில்லாக்காரர், 1874-ல் ராமநாதபுரத்தில் பிறந்த எஸ். சீனிவாச ஐயங்கார். வக்கீல் என்றால் சாதாரண வக்கீல் இல்லை. மாமனார் பாஷ்யம் ஐயங்கார், மதராஸில் தற்காலிக அட்வகேட் ஜெனரலாக உட்கார்ந்த முதல் இந்தியர். மாமனார் ஆக்டிங் என்றால் மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? 1916-ல் அதே நாற்காலியைப் பிடித்தார். நாலே வருஷம். எழுந்து வந்துவிட்டார்.

1921-ல் சர்க்கார் கொடுத்த சி.ஐ.இ. பட்டத்தையும் திருப்பிக் கொடுத்தார். இன்றைக்கு என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு சேனலில் விவாதம் நடந்திருக்கும். அன்றைக்கு மயிலாப்பூரில் அவருடைய அம்ஜத் பாக் பங்களாவில்தான் விவாதம். அங்கே ஆங்கரும் அவரே, கெஸ்ட்டும் அவரே.

காங்கிரசுக்குள்ளேயே இருந்த, மதராஸில் ஐயங்கார் தலைமை தாங்கிய சுயராஜ்யக் கட்சியின் கொள்கை விசித்திரமானது. சட்டசபைக்குள் போகவேண்டும், ஆனால் சட்டசபையை நடக்கவிடக் கூடாது. கல்யாண வீட்டுக்குப் போய் மொய்யும் எழுதிவிட்டு, தாலி கட்டும் நேரத்தில் மேளத்தை நிறுத்துவது மாதிரி. இதற்கும் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள்! 1926 தேர்தலில் 98 இடங்களில் சுயராஜ்யக் கட்சிக்கு 41, ஆளும் ஜஸ்டிஸ் கட்சிக்கு 21. கவர்னர் கோஷன் கூப்பிட்டார், "வாருங்கள், மந்திரிசபை அமையுங்கள்." கட்சி முடியாது என்றது. ஜெயித்த கட்சி வேண்டாம் என்கிறது. தோற்ற கட்சியும் வேண்டாம் என்கிறது. ரிசார்ட்டில் எம்.எல்.ஏ.க்களை அடைத்துவைத்துப் பழகிய நமக்கு இதெல்லாம் புராணம் மாதிரி இருக்கும்.

கடைசியில் குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயன், கட்சியே இல்லாமல் முதல் மந்திரி ஆனார். எல்லாவற்றையும் முட்டுவோம் என்று போனவர்கள் இவரை மட்டும் கவிழ்க்காமல் விட்டார்கள். "ஏன் விட்டீர்கள்?" என்று காங்கிரசுக்குள்ளேயே ஐயங்காருக்கு ஏச்சு. அதே குளிர்காலத்தில் கௌஹாத்தியில் காங்கிரஸ் மகாசபைக்கே தலைவராக உட்கார்ந்தவர் அவர். தலைவருக்கே ஷோகாஸ் நோட்டீஸ் என்ற காங்கிரஸ் கலாசாரம் எவ்வளவு பழசு என்று தெரிகிறதா?

அரசியலைவிட ஆள் பிடிப்பதில் மனிதர் கெட்டிக்காரர். சத்தியமூர்த்தி அவரிடம் ஜூனியர். பசும்பொன்னிலிருந்து முத்துராமலிங்கத் தேவர் என்ற இளைஞர் சொத்து வழக்குக்காக வக்கீலைப் பார்க்க மதராஸ் வந்தார். "வந்ததுதான் வந்தீர், மாநாட்டையும் பார்த்துவிட்டுப் போம்" என்கிற தோரணையில் 1927 காங்கிரஸில் உட்காரவைத்தாயிற்று. கேஸ் கட்டோடு வந்தவர் கட்சியோடு ஊர் திரும்பினார். பத்து வருஷம் கழித்துத் தேர்தலில் ராமநாதபுரம் சேதுபதியையே தோற்கடித்தார். பீஸ் வாங்கினாரோ என்னவோ, ஐயங்கார் ஜில்லாவின் தலையெழுத்தையே மாற்றிவிட்டார்.

அந்த 1927 மாநாட்டில்தான் 'பூரண சுதந்திரமே லட்சியம்' என்று தீர்மானம் போட்டார்கள். அவசரம் என்றார் காந்தி. ஐயங்கார் விடவில்லை. மறுவருஷம் இதற்காகவே ஒரு லீக்; இவர் தலைவர், ஜவஹர்லாலும் சுபாஷும் காரியதரிசிகள். 1929 டிசம்பரில் லாகூரில் காங்கிரஸே பூரண சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது. ஜெயித்தாயிற்று! மாலையோடு மேடை ஏறுவார் என்றுதானே நினைப்பீர்கள்? 1930-ல் அரசியலே வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார். கேட்டது கிடைத்துவிட்டால் வக்கீலுக்கு அங்கே என்ன வேலை?

வீட்டில் சும்மா உட்காரவில்லை. மெய்ன் எழுதிய இந்துச் சட்டப் புத்தகத்தைப் பிரித்துவைத்து, வரிவரியாகத் திருத்திப் புதுப்பதிப்பு கொண்டுவந்தார். யார் இந்த மெய்ன்? ஒரு வெள்ளைக்காரர். மதராஸில் தற்காலிக அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். ஐயங்கார் தூக்கிப்போட்டுவிட்டு வந்தாரே, அதே நாற்காலி.