துளையியல்: பட்டறைச் சுவரில் ஏசி புகும் முறை பற்றிய ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

கோவையின் கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் பகுதிகளில் உள்ள லேத் பட்டறைகளின் சுவர்கள் துளைக்குப் புதியவை அல்ல. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒன்று, மெயின் கேபிளுக்கு ஒன்று, கம்ப்ரஸர் காற்றுக் குழாய்க்கு ஒன்று, பக்கத்துப் பட்டறையிடம் டயல் கேஜ் இரவல் கேட்பதற்கு ஒன்று. இவற்றை எவரும் ஆராய்ந்ததில்லை. ஆராயும்படி எவரும் கேட்டதுமில்லை. ஏசிக்காகப் போடும் துளையின் நிலை வேறு. அது விழுவதற்கு முன் ஓனர், கணக்குப்பிள்ளை, குவாலிட்டி பார்ப்பவர், வாஸ்து அறிந்த மைத்துனர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் என ஆறு தரப்பார் கருத்துச் சொல்கிறார்கள். ஆறும் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஒரு சாத்திரம் பிறக்க இது போதும்.

இந்நூல் நிறுவப் புகுவது ஒன்றே: பட்டறைக்குள் ஏசி மனிதருக்காக வருவதில்லை. பொருளுக்காக வருகிறது. அந்தப் பொருளுக்குத் துணைபோகும் சாக்கில்தான் மனிதர் குளிருக்குள் நுழைகிறார்.

முன்னோர் முடிபு

ஆதி ஏசியே பட்டறைக்குத்தான் வந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்றோர் அச்சகம் இருந்தது. கோடை ஈரத்தில் தாள் விரிந்தது, வறண்ட நாளில் சுருங்கியது. ஒரே தாளை வண்ணத்துக்கு ஒரு முறை அச்சிடும்போது, முதல் வண்ணம் விழுந்த இடத்தில் அடுத்தது விழவில்லை. மட்டமான காலண்டரில் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு மூக்குத்திக்கு ஏறியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு நோய் விளங்கும். பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் இருந்த வில்லிஸ் கேரியர், அப்போது வயது 25, இதற்கு ஒரு வழி வரைந்து கொடுத்தார். வரைபடத்தின் தேதி 1902 ஜூலை 17. குளிர்ந்த குழாய்ச் சுருள்கள்மீது காற்றை ஓட்டி, ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்துவது திட்டம்.

அச்சுக் கோப்பவருக்கு வியர்க்கிறது என்று எவரும் கேரியரை அழைக்கவில்லை. தாளுக்கு வியர்த்தது, அழைத்தார்கள்.

பஞ்சாலைகளிலும் இதே நீதிதான். வறண்ட காற்றில் நூல் அறும். கோவை நூற்பாலைகளில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்று தனியாக ஓர் ஏற்பாடு இருப்பது நூலுக்காக. அந்தக் காற்று அங்கே நிற்பவர்மேலும் படுவது தற்செயல்.

சட்டம் மனிதரை மறக்கவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 13ஆம் பிரிவில், தொழிலாளர் நியாயமான வசதியோடு இருக்கத்தக்க வெப்பநிலை வேண்டும் என்றும், சுவரும் கூரையும் சூட்டை இயன்றவரை குறைப்பவையாக இருக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தது. எத்தனை டிகிரி என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை. இரும்புக்கு மட்டும் எண் உண்டு.

அளவியல்

அந்த எண் 20. நீளத்தை அளக்க வேண்டுமானால் 20 டிகிரி செல்சியஸில் அளக்க வேண்டும் என்று சர்வதேச எடை, அளவைக் குழு 1931இல் முடிவு செய்தது. அதற்கு முன் குழப்பம். பாரிஸில் காத்துவைத்த மீட்டர் கம்பி பனி உருகும் 0 டிகிரியில்தான் ஒரு மீட்டர். பிரிட்டிஷாரின் கஜம் 62 டிகிரி ஃபாரன்ஹீட்டில்தான் ஒரு கஜம். 1951இல் ஐஎஸ்ஓ அமைப்பு வெளியிட்ட முதல் பரிந்துரையே இந்த 20 டிகிரி பற்றியதுதான். உலகத் தரங்களுக்கெல்லாம் பிள்ளையார் சுழியாக அமைந்தது ஓர் அறையின் குளிர்ச்சி.

காரணம் எளிது. எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, சுமார் 11.5 மைக்ரான் நீள்கிறது. சித்திரையில் 35 டிகிரியில் கிடக்கும் 50 மி.மீ. ஷாஃப்ட், 20 டிகிரியில் இருப்பதைவிட ஏறத்தாழ 8.6 மைக்ரான் பருத்திருக்கும். டிராயிங்கில் எச்6 என்று போட்டிருந்தால் அந்த அளவுக்கு அனுமதித்த மொத்த விலகலே 16 மைக்ரான்தான். பாதிக்குமேல் வெயில் தின்றுவிடுகிறது.

இதற்கு டர்னர் தரப்பின் மறுப்பு வலுவானது. "மைக்ரோமீட்டரும் இரும்புதானுங்ணா, அதும் சேந்துதானே விரியுது?" உண்மை. ஜாபும் கருவியும் ஒரே எஃகாய், ஒரே சூட்டில் இருந்தால் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். ஆனால் மோட்டார் பாடி அலுமினியம். அது எஃகைப்போல் இரண்டு மடங்கு விரிகிறது. கழித்தது போக 8 மைக்ரானுக்குமேல் மிச்சம் நிற்கும். சக்கிலிருந்து கழற்றிய ஜாப் பட்டறையைவிடச் சூடாக இருக்கும். மைக்ரோமீட்டரை வெகுநேரம் கையில் பிடித்தால் உள்ளங்கைச் சூடும் கணக்கில் சேரும். ஆகவே குவாலிட்டி பார்ப்பவர் அலுமினியம் பார்ட்டிஷன் தடுத்த ஒரு சிறு அறையும், அதற்கொரு ஏசியும் கேட்கிறார். டர்னர் மறுப்பை நிறுத்திக்கொள்கிறார். ஏன் நிறுத்தினார் என்பது புறனடையில் ஆராயப்படும்.

நம் கருதுகோளுக்கு இன்னும் கூரிய சான்று ஒன்று உண்டு. சிஎன்சி மெஷினின் மின்பெட்டிக்கென்று பேனல் ஏசி என்றோர் இனம் இருக்கிறது. அது பெட்டிக்குள் இருக்கும் டிரைவையும் போர்டையும் குளிர்விக்கிறது. அங்கிருந்து எடுத்த சூட்டைப் பட்டறைக்குள்ளேயே ஊதுகிறது. அதற்கு இரண்டடி தள்ளி ஆபரேட்டர் நிற்கிறார்.

திசையியல்

எந்தச் சுவர்? மைத்துனர் வாயு மூலை என்கிறார், அது வடமேற்கு. காற்று தரும் கருவி வாயுவிடம் இருப்பதே முறை. ஆனால் வெளி யூனிட்டிலிருந்து வருவது அனல். அக்னி மூலையோ தென்கிழக்கு. அகத்தை வாயுவிலும் புறத்தை அக்னியிலும் வைத்தால் செம்புக் குழாய் பட்டறையைக் குறுக்காகக் கடக்க வேண்டும். ஏசியோடு வரும் குழாய் பெரும்பாலும் 3 மீட்டர். அதற்குமேல் அடிக்கு இவ்வளவு என்று காசு. இந்தக் கட்டத்தில் கணக்குப்பிள்ளை வாஸ்துவில் நம்பிக்கை இழக்கிறார்.

பௌதிகம் தனியே ஒரு கட்சி. மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலை வாங்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அதைச் சில மணி நேரம் தன்னுள் வைத்திருந்து, மாலையில் உள்ளே விடும். அங்கே வெளி யூனிட்டை மாட்டினால் அது சூடான காற்றை இழுத்துச் சூட்டை இறக்க முயலும். போதாக்குறைக்கு, ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடிக்கும். மேற்கு நோக்கி ஊதும் விசிறி அதை எதிர்த்து ஊத வேண்டும். வடக்குச் சுவரே உத்தமம். வடக்குச் சுவர் பெரும்பாலும் பக்கத்துப் பட்டறைக்காரருடையது.

சுவரின் குலமும் பார்க்க வேண்டும். செங்கல்லில் ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடிக்கும். ஹாலோ பிளாக்கில் அதே போல்ட் வெற்றிடத்தில் சுழலும். பின்பக்கம் தகடு வைத்து ஊடுபோல்ட் போட வேண்டும். பட்டறையாதலால் தகடு வெட்டவும் துளைக்கவும் ஆளுக்குக் குறைவில்லை. அளவில்தான் சண்டை.

துளையியல்

துளைக்கும் முறையில் மரபுகள் மூன்று. ஜன்னல் ஏசி மரபினர் சுவரைப் பெட்டி அளவுக்கே உடைப்பவர்கள். இவர்கள் மறந்துவிடும் விதி ஒன்று: ஜன்னல் ஏசியின் பக்கவாட்டில் உள்ள காற்றுக் கண்கள் சுவருக்கு வெளியே இருக்க வேண்டும். ஒன்பது அங்குலச் சுவருக்குள் அவை புதைந்தால் கருவி மூச்சுத் திணறும். பில் ஏறும், குளிர் ஏறாது.

உளி மரபினர் ஸ்பிளிட் ஏசிக்கு மூன்றங்குல ஓட்டை என்று தொடங்கி, உட்பக்கம் மூன்றங்குலத்திலும் வெளிப்பக்கம் ஒரு முழத்திலும் முடிப்பவர்கள். மிச்சத்தைச் சிமென்ட் மூடும். கோர் கட்டிங் மரபினர் வைரப்பல் பதித்த உருளையால் வட்டமாக அறுப்பவர்கள். துளை சுத்தமாக வரும். கூடவே செந்நிறக் குழம்பு சுவர் நெடுக வழிந்து, கீழே துடைத்து வைத்த சர்ஃபேஸ் பிளேட்வரை வரும். அதை மூடி வைக்கச் சொல்லியிருக்கலாமே என்ற கேள்வி துளை போட்ட பிறகே எழும் என்பது மூன்று மரபுக்கும் பொது.

இங்கே பட்டறைக்கே உரிய சிக்கல் ஒன்று. பத்து மைக்ரானுக்குச் சண்டையிடும் கூட்டத்தின் நடுவில் மெக்கானிக் கண்ணால் பார்த்துப் பென்சிலால் வட்டம் போடுகிறார். டர்னருக்கு அது பொறுக்காது. வெர்னியரை எடுத்து வருகிறார். ஃபிட்டர் ஸ்பிரிட் லெவல் வைத்து, துளை வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் குற்றம் கண்டுபிடிக்கிறார்.

சாய்வுதான் சாத்திரத்தின் உயிர்நிலை. துளை உள்ளிருந்து வெளியே அரை அங்குலமேனும் தாழ வேண்டும். குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. மழைக்காலத்தில் மணிக்கு லிட்டர் கணக்கில்கூட இறங்கும். துளை மட்டமாக இருந்தால் நீர் யோசிக்கும்; உட்பக்கம் சாய்ந்தால் மின்பெட்டிமேல் சொட்டும். மழைநீருக்கும் இதே விதி. வாழ்நாளெல்லாம் செங்குத்தும் மட்டமுமாகப் பொருத்திப் பழகிய ஃபிட்டர், வேண்டுமென்றே கோணலாகப் போடும் வேலை ஒன்று உலகில் இருப்பதை அன்று ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சொட்டும் நீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா என்பது கிளை ஆராய்ச்சி. ஆவியிலிருந்து பிறந்ததால் சுத்தம் என்பது ஒரு சாரார் வாதம். ஆனால் அது பிறந்தது தூசி படிந்த உலோகச் சுருள்மேல். வார்ப்பிரும்புப் பொடி பறக்கும் பட்டறையில் அந்தச் சுருளைப் பார்த்தவர்கள் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் வாங்குகிறார்கள்.

குழாய் மாட்டியதும் வேக்கம் போட வேண்டும். பம்பு வைத்துக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சிவிட்டுத்தான் கேஸைத் திறக்க வேண்டும். அவசரக்காரர்கள் கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிடுவார்கள். தங்கிய ஈரம் பின்னால் கம்ப்ரஸரைக் கெடுக்கும். இப்போது வரும் ஆர்32 கேஸ் ஓரளவு தீப்பற்றக் கூடியது, ஆர்290 என்பது புரொப்பேனேதான் என்பதால், வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் இந்தப் பழக்கம் கூடவே கூடாது.

டன்னியல்

எத்தனை டன்? 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை விழுங்குமோ அதுவே ஒரு டன் குளிர்ச்சி. இன்றைய கணக்கில் 3.5 கிலோவாட். சென்னைவாசிகள் இந்தக் கணக்கை உருவத்தோடு அறிந்தவர்கள். பாஸ்டனிலிருந்து ஃபிரெடரிக் டியூடர் மரத்தூள் சுற்றிக் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியை வைக்க 1842இல் எழுந்த கட்டடம் இன்றும் கடற்கரையில் நிற்கிறது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் சுற்றுப்புறத்துக்கு ஒட்டிக்கொண்டது. 1897இல் விவேகானந்தர் தங்கியதால் கட்டடம் இப்போது விவேகானந்தர் இல்லம்.

இனி ஒரு தேற்றம். லேத்தின் 5 எச்பி மோட்டார் முழுச் சுமையில் இழுப்பது 3.7 கிலோவாட்டுக்குமேல். இரும்பைச் சீவச் செலவழித்த மின்சாரம் ஏறக்குறைய எல்லாம் கடைசியில் சூடாகத்தான் முடியும். சீவிய இரும்புச் சுருளிலும் கூலன்டிலும் கொஞ்சம் வெளியேறும். ஆகவே ஒரு லேத்தும் ஒரு டன் ஏசியும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பத்து லேத் உள்ள, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட, ஷட்டர் திறந்த பட்டறையை முழுதாகக் குளிர்விக்க எத்தனை டன் என்று கேட்ட ஓனருக்கு மெக்கானிக் பதில் சொல்லாமல் பார்ட்டிஷன் அறையைக் காட்டுவதன் காரணம் இதுவே.

ஊர்வனவியல்

துளையைச் சுற்றி விட்ட இடைவெளி வழியே முதலில் குடியேறுவது பல்லி. வெளி யூனிட்டின் போர்டில் அது ஏறி இரு முனைகளைத் தொட்டால் இரண்டுக்கும் முடிவு. தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பல்லி விழும் பலனை அங்கம் அங்கமாக வகுத்த பஞ்சாங்கம், பிசிபியில் விழும் பலனைச் சொல்லாமல் விட்டது பெருங்குறை. மெக்கானிக்குகள் அதை நிரப்பியிருக்கிறார்கள்: பொருள் நஷ்டம். பரிகாரம், இடைவெளியை எம்-சீல் வைத்து அடைப்பது.

புறனடை

துளை அடைத்தாயிற்று, ஏசி ஓடுகிறது. எத்தனையில் வைப்பது? 2020 ஜனவரி முதல் இந்தியாவில் ரூம் ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது மின்சிக்கன விதி. ஐஎஸ்ஓ கேட்பது 20. ஓனர், மின்கட்டண அட்டையைப் படித்தவர், 26 என்கிறார். ரிமோட் குவாலிட்டி பார்ப்பவரின் மேசை டிராயரில் பூட்டப்படுகிறது.

அளப்பதற்கு முன் ஜாப் அறைச் சூட்டுக்கு வர வேண்டும் என்பதும் விதி. அதுவரை மேசைமேல் கிடக்க வேண்டும். ஜாபைக் கொண்டுவந்த டர்னர் கூடவே ஸ்டூலில் உட்கார்கிறார். தொட்டுப் பார்த்து, இன்னும் ஆறவில்லை என்கிறார். மார்கழியில் அரை மணியில் ஆறும் ஜாப் சித்திரையில் நேரம் பிடிக்கும் என்பதை நியூட்டனின் குளிர்தல் விதி ஒப்புக்கொள்கிறது. அறை 20இல் இருந்தால், 26 டிகிரியில் உள்ளது 20.5க்கு இறங்க ஆகும் நேரத்தைவிட, 36இல் உள்ளது இறங்க ஏறத்தாழ 1.4 மடங்கு நேரம் வேண்டும். அதாவது அரை மணி, நாற்பத்திரண்டு நிமிடமாகும். சித்திரையில் டர்னர் ஜாப் கார்டில் எழுதுவது ஒன்றரை மணி. எஞ்சிய நாற்பத்தெட்டு நிமிடத்துக்குப் பௌதிகத்தில் விளக்கம் இல்லை; குவாலிட்டி பார்ப்பவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.