மொட்டைமாடி மிராசுதார்

தமிழக அரசு 2021-இல் ஊழியர்களின் ஓய்வு வயதை 59-இலிருந்து 60 ஆக உயர்த்தியபோது, அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். சென்னையின் மொட்டைமாடிகளுக்கு ஓராண்டு நிம்மதி கிடைத்ததை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஏனென்றால், பிரிவுபசார விழாவில் போட்ட மாலை வாடுவதற்குள் நம் ஆள் மாடியேறிவிடுவார். குரோம்பேட்டை, நங்கநல்லூர், அம்பத்தூர் என்று எங்கும் இருக்கிறார். சாயம்போன பனியன், மடித்துக் கட்டிய கைலி, தலையில் ஈரத்துண்டு. ஆறு பைகளில் கீரை விதைத்து ஆரம்பித்தவர், அடுத்த பங்குனிக்குள் அறுபது பைகளுக்கு வந்து நிற்பார். அந்த நானூறு சதுர அடியைத் 'தோட்டம்' என்றுகூடச் சொல்ல மாட்டார். 'நம்ம நிலம்' என்பார். மைத்துனர் வீட்டுக் காதுகுத்துக்குக் கூப்பிட்டால், "நிலத்துல வேலை கிடக்கு" என்று பதில் வரும்.

பங்குனியில்தான் இவருக்குச் சுதி ஏறும். வெயில் உறைக்க ஆரம்பித்ததும் பச்சை நிழல்வலையை இழுத்துக் கட்டிவிடுவார். அதே பங்குனியில்தான் வீட்டம்மாள் வடகம் போட வேண்டும். விடிவதற்கு முன்பே எழுந்து, பச்சரிசி மாவையும் ஜவ்வரிசியையும் கூழாகக் கிண்டி, பச்சை மிளகாயும் பெருங்காயமும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, சூடு ஆறுவதற்குள் அச்சோடு தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தால், மேலே வானமே பச்சையாக இருக்கிறது.

"ஏங்க, வெயில் எங்கங்க?"

"தக்காளிப் பூ கருகுதும்மா. ஐம்பது சதவீதம் நிழல் வேணும்."

"மிச்ச ஐம்பதையாவது எனக்கு எழுதி வைங்க!"

பேச்சுவார்த்தை நடந்து, கிழக்கு மூலையில் பத்து மணி முதல் நான்கு மணிவரை வலையைச் சுருட்டி வைப்பது என்று முடிவாயிற்று. கூடவே ஒரு துணை நிபந்தனை: மாடியில்தானே இருக்கிறீர்கள், காக்காயைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். அவரும் சரி என்றார். நாற்றுக்கு அணில் வராமல் காவல் இருப்பதாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாள் தன் மோர் மிளகாயையும் மாவற்றலையும் தட்டுத் தட்டாக ஏற்றி, சம்பளமில்லாத காவல்காரர் ஒருவரை அமர்த்திக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. (மோர் மிளகாய்க்கு மிளகாய் கடையிலிருந்து வந்தது. நம் நிலத்து மிளகாய்ச் செடியில் காய்த்தவை பதினொன்று. அவை செல்போன் படத்துக்கே சரியாகப் போய்விட்டன.)

இவரிடம் எனக்குப் பிடித்ததே இந்த ஏமாளித்தனம்தான். வேலைக்குப் போன காலம் முழுக்க, கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அறியாதவர் இவர். இப்போது சமையலறையில் அவருக்குத் தெரியாமல் ஒரு தோல் வெளியே போக முடியாது. வெங்காயத் தோல் தனி டப்பா, முட்டை ஓடு தனி, டீத்தூள் தனி. அரிசி களைந்த தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்தால் முகம் சுருங்கிவிடும். "இந்த வாரம் ஏன் வாழைப்பழத் தோல் கம்மி?" என்று பேரனை விசாரித்து, பழம் சாப்பிட வைக்கிறார். தோல் சேகரிக்க வந்தவர் காயையும் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார். சனிக்கிழமை தோறும் குளிர்சாதனப் பெட்டியைத் துடைப்பதும் அவர்தான். வாடின காய் எது, மக்கவிடலாமா என்று பார்க்கத்தான் திறப்பார், துடைத்தும் வைத்துவிடுவார். இதெல்லாம் வீட்டு வேலை என்று யாரும் அவரிடம் சொல்லிவிடக் கூடாது. அந்த வீட்டின் அரசாங்க ரகசியம் அது.

வீட்டில் அமைதி குலையும் நாள் ஒன்று உண்டென்றால் அது வியாழக்கிழமை, மீன் அமிலம் தெளிக்கிற நாள். மீன் கழிவும் வெல்லமும் சம எடை எடுத்து, மூடி போட்ட வாளியில் மாதக்கணக்கில் ஊறவைத்தது. பக்குவமாக வந்தால் பழ வாசனை அடிக்கும் என்பார்கள். இவர் வாளி இன்னும் அந்தப் பக்குவத்துக்கு வரவில்லை. அன்று எதிர்வீட்டில் ஜன்னல்களைச் சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்கும்.

"வஞ்சிரம் கேட்டா விலை ஜாஸ்தின்னீங்க. கத்தரிச் செடிக்கு மட்டும் வாராவாரம் மீனா?"

"அது தலையும் குடலும்மா, சும்மா குடுத்தது."

"வெல்லமும் சும்மாவா குடுத்தாங்க?"

மாவுப்பூச்சி வந்துவிட்டாலோ, வீட்டுக்கு யார் வந்தாலும் தப்பிக்க முடியாது. பழைய பல்துலக்கும் பிரஷை வேப்பெண்ணெய்க் கரைசலில் தோய்த்து, செம்பருத்திக் கணுவில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பஞ்சைத் தேய்த்தபடியே பேசுவார். "பப்பாளி மாவுப்பூச்சின்னு ஒண்ணு 2008-ல கோயம்புத்தூர்ப் பக்கம் வந்துச்சு. மருந்தடிச்சு மாளல. 2010-ல போர்ட்டோ ரிக்கோவுலேர்ந்து குளவி கொண்டாந்து விட்டுத்தான் அடக்குனாங்க." விஷயம் முழுக்க உண்மை. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர் தோளில் காஸ் சிலிண்டர் இருக்கிறது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. சுரைப்பூ அப்போதுதான் விரியும். டார்ச் வெளிச்சத்தில் ஆண்பூவைக் கிள்ளி, இதழை நீக்கி, பிஞ்சோடு நிற்கிற பெண்பூவில் மெல்லத் தடவி முகூர்த்தத்தை முடித்துவைப்பார். வெயில் கூடக் கூடப் பந்தலில் ஆண்பூதான் அதிகம் பூக்கும். வரன் வரிசையில் நிற்க, பெண் கிடைக்காமல் திண்டாடுகிற ஒரே தரகர் ஊரில் இவராகத்தான் இருப்பார்.

அப்படி ஒரு சித்திரையில் தப்பிப் பிழைத்து ஒற்றைச் சுரைக்காய் நின்றது. பிஞ்சிலேயே பறிக்கலாம் என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வருகிறார், பார்க்கட்டும் என்றார் இவர். சம்பந்தி வரவில்லை. அடுத்த ஞாயிறு பழைய ஆபீஸ் நண்பர்கள் வந்து, கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அக்னி நட்சத்திரம் பிறந்த பிறகுதான் காயை அறுத்தார். அறுத்ததும் எடை தெரிந்தாக வேண்டும். வீட்டில் தராசு இல்லை. குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தெருமுனைத் தள்ளுவண்டிக்குப் போனார்.

காய்கறிக்கார அம்மா எடை போட்டார். இரண்டு கிலோ முந்நூறு. இவர் முகம் மலர்ந்தது. பழக்கதோஷத்தில் அந்த அம்மா காயின் மேல் நகத்தைப் பதித்துப் பார்த்தார். இறங்கவில்லை. இன்னொரு இடத்தில் அழுத்தினார். அங்கேயும் இறங்கவில்லை.

"எங்க சார் வாங்குனீங்க இத? சுத்த முத்தல். யாரோ உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க. என்கிட்ட கேட்டிருந்தா இளசாப் பொறுக்கிக் குடுத்திருப்பேன்ல?"

பக்கத்தில் கீரை பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நம் மிராசுதார் காயைக் கையில் எடுத்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாங்கலம்மா. விதைக்கு விட்டது."

சொல்லிவிட்டு, குரலைத் தணித்து, இளசாக ஒரு சுரைக்காய் எடுத்துப் பைக்குள் போடச் சொன்னார்.