சிரையின் அஞ்ஞாதவாசம்: ஓர் ஆய்வு

ரத்தம் எடுப்பதற்கு உரிய இடம் முழங்கையின் உள்மடிப்பு. அங்கே தோலுக்கு அடியில் மூன்று சிரைகள் ஓடுகின்றன. கட்டைவிரல் பக்கமாக மேலேறுவது செஃபாலிக். சுண்டுவிரல் பக்கமாக வருவது பேசிலிக். இரண்டையும் குறுக்கே இணைப்பது மீடியன் கியூபிட்டல். ஊசியின் முதல் உரிமை இந்த இணைப்புச் சிரைக்கே. அது பருத்தது; தோலை ஒட்டியது; அடித்திசுவோடு பிணைந்திருப்பதால் அதிகம் நழுவாதது. பேசிலிக்குக்குக் கடைசி இடம்தான், ஏனெனில் அதன் அண்டையில் ஒரு தமனியும் உணர்ச்சி நரம்பும் குடியிருக்கின்றன. இவ்வளவும் பாடநூல் படத்தில் பளிச்சென்று நீல நிறத்தில் இருக்கும். படத்தில் உள்ளது கையில் இல்லாமல் போவது ஏன் என்பதே இங்கு ஆய்வுப் பொருள்.

உடலில் உள்ள ரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்நேரமும் சிரைகளில்தான் தங்கியிருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரிடம் 4 லிட்டர் ரத்தமாவது இருக்கும். சர்க்கரை பார்க்க அதில் 2 மில்லி போதும். அந்த 2 மில்லிக்காக ஒரு டெக்னீஷியன், அவர் கூப்பிட்ட இன்னொரு டெக்னீஷியன், இருவரும் கூப்பிட்ட மூத்த சிஸ்டர் என மூவர் ஒரு கையைச் சுற்றி நிற்பதை எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் காணலாம்.

இத்துறையின் மூலநூல் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட ரத்த ஓட்ட நூல். மேற்கையைக் கட்டி, புடைத்த சிரையை விரலால் அழுத்தி, ரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே போகிறது என்று அவர் காட்டினார். சிரைக்குள் இருக்கும் வால்வுகளை அவருடைய ஆசிரியர் ஃபேப்ரிசியஸ் 1603இலேயே விவரித்திருந்தார். அவை எதற்கு என்று சொன்னவர் மாணவர். வால்வுகள் இருக்கும் இடத்தில் சிரை முடிச்சு முடிச்சாகத் தெரியும் என்று எழுதும் ஹார்வி, உழைப்பாளிகளிடமும் பெருத்த சிரை உடையவர்களிடமும் இது நன்றாகப் புலப்படும் என்று ஒரு குறிப்புச் சேர்க்கிறார். ஆக, நவீன உடலியலின் அடிப்படைச் சோதனைக்கே ஆள் பார்த்துத்தான் கை நீட்டச் சொல்ல வேண்டியிருந்தது. மென்சிரையார் அன்றே விலக்கப்பட்டுவிட்டனர்.

சிரை ஏன் ஒளிகிறது? பருமன், முதுமை, பலமுறை ஊசி ஏறிய தழும்பு ஆகியவை நிலையான காரணங்கள். ஆய்வுக்குச் சுவையானவை தற்காலிகக் காரணங்களே. அவை மூன்று: உடலில் நீர் குறைதல், குளிர், அச்சம். நீர் குறைந்தால் சிரை தளரும். குளிர்ந்தால் சுருங்கும். அஞ்சினாலும் சுருங்கும், ஏனெனில் அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் தோலை ஒட்டிய குழாய்களை இறுக்குகிறது. இனி, ஒரு பரிசோதனைக் கூடம் நோயாளியை வரவேற்கும் முறையைக் கருதுக. வெறும் வயிற்றில் வரச் சொல்கிறது. அவர் முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வருகிறார். ஏ.சி. காற்று நேராக விழும் நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார வைக்கப்படுகிறார். உள்ளே ஒரு குழந்தை வீறிடும் சத்தம் கேட்கிறது. பிறகு அவர் பெயர் அழைக்கப்படுகிறது. “என்ன சார், நரம்பே இல்லை?” என்ற கேள்வி அதன்பின் எழுகிறது. சிரையைத் துரத்தியவரே அதைத் தேடவும் செய்கிறார் என்பது இவ்வாய்வின் துணிபு. பட்டினிச் சர்க்கரைச் சோதனைக்கு வெறும் தண்ணீர் குடிக்கத் தடையில்லை என்பதை ரசீதின் பின்புறத்தில் அச்சிட்டாலே பாதிச் சிரைகள் வெளிப்பட்டுவிடும்.

தேடும் முறையில் மூன்று மரபுகள் உண்டு. முதலாவது தட்டும் மரபு. இரண்டு விரலால் மடிப்பைப் படபடவென்று தட்டுவர். தோல் சிவக்கும், சிவந்த தோலில் சிரை தெரிகிறதென்று தட்டியவர் மட்டும் கூறுவார். பாடநூல்கள் இதை ஊக்குவிப்பதில்லை. இரண்டாவது தொங்கவிடும் மரபு. கையை இதயத்துக்குக் கீழே தாழ்த்தினால் புவியீர்ப்பு சம்பளமின்றி வேலை செய்யும். வெந்நீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் சுற்றி வைப்பதும் இவர்களுடைய வழக்கம், இரண்டுமே பயனுள்ளவை. மூன்றாவது தடவும் மரபு. இதுவே தலையாயது. நல்ல சிரை கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை, விரலுக்கு அகப்பட்டால் போதும். அழுத்தினால் அமிழ்ந்து, விட்டால் எழும்பும். மேலாக நீலமாய்க் கோடிட்டுத் தெரிவது பல வேளை ஊசி நுழைந்ததும் உடையும் பூஞ்சை. அகச்சிவப்புக்கு அண்மைய ஒளியை ஹீமோகுளோபின் உறிஞ்சுவதை வைத்து, சிரையின் படத்தைத் தோல்மேலேயே வீழ்த்தும் கருவியும் பெரிய மருத்துவமனைகளில் வந்துவிட்டது. அது இடத்தைக் காட்டும். ஆழத்தை விரல்தான் சொல்ல வேண்டும்.

கட்டும் ரப்பர் பட்டை மடிப்புக்கு நான்கு விரற்கடை மேலே இருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. இறுக இறுக நல்லது என்பாரும் உளர். அது பொருந்தாது: தமனியும் சேர்ந்து அடைபட்டால் சிரைக்கு ரத்தம் எங்கிருந்து வரும்? கையை மூடி மூடித் திறப்பதற்கும் அளவுண்டு. பலமாகத் திறந்து மூடினால் எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டி, நலமாக வந்தவரை நோயாளியாக்கி அனுப்பும். எந்தக் கை என்ற வினாவில் இடக்கையே பரவலாக ஆதரிக்கப்படுகிறது. சோழர் காலத்து வலங்கை, இடங்கைப் பூசலுக்கும் இதற்கும் தொடர்பு நிறுவப்படவில்லை.

“எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்” என்ற உறுதிமொழி தனி ஆய்வுக்கு உரியது. எந்த எறும்பு என்று சொல்பவர் எவருமில்லை. பிள்ளையார் எறும்பு கடிப்பதில்லை என்பது தமிழர் நம்பிக்கையாதலால் அது விலக்கப்படும். பரிசோதனைக்கான 21 கேஜ் ஊசியின் பருமன் சுமார் 0.8 மில்லிமீட்டர், இதைச் செவ்வெறும்புக்கு ஒப்பிடலாம். கேஜ் எண் குறையக் குறைய ஊசி பருக்கும் என்பதை நினைவில் கொள்க. ரத்த தானத்தில் பயன்படுவது 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர். இதற்குக் கட்டெறும்பாவது வேண்டும். ஊசியைத் தடிமனாக வைப்பதில் குரூரமில்லை. மெல்லிய ஊசியில் பை நிறைய நேரமாகும். மெதுவாக வரும் ரத்தம் வழியிலேயே உறையத் தொடங்கும்.

இதனால் ஒரு சிக்கல் விளைகிறது. பரிசோதனைக்குப் புறங்கையில் பட்டாம்பூச்சி ஊசி போட்டாவது ஒப்பேற்றிவிடலாம். தானத்துக்கு அது ஆகாது. வயது 18 நிறைந்து, எடை 45 கிலோவைத் தாண்டி, ஹீமோகுளோபின் 12.5 தொட்டு, படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் எழுதி, தலைவர் பிறந்தநாள் முகாமில் கட்டில்வரை வந்தவரையும் சிரை இல்லையென்று திருப்பி அனுப்புவர். இவர்களுக்கான மருந்து எளியது: வயிறாரச் சாப்பிடுவது, முகாமுக்குள் நுழையுமுன் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பது, மின்விசிறிக்கு நேர் கீழே அமராதிருப்பது. தண்ணீர் மயக்கத்தையும் தடுக்கும். எந்தக் கையில் முன்பு ரத்தம் நன்றாக வந்தது என்பதைக் கூச்சப்படாமல் சொல்வதும் நலம். கைக்குரியவரைவிட அதை நன்கறிந்த நிபுணர் இல்லை. ஊசி ஏறியபின் ரப்பர் பந்தைச் சில விநாடிக்கு ஒருமுறை அமுக்கினால் 350 மில்லி பை பத்து நிமிடத்துக்குள் நிறைந்துவிடும்.

தோல்விக்கும் இலக்கணம் உண்டு. ஒரே ஆள் இரண்டு முறைக்கு மேல் குத்துவதில்லை, அடுத்தவரை அழைப்பார் என்பது நல்ல வழக்கம். உள்ளே விட்ட ஊசியை இடமும் வலமுமாகத் துழாவுவது நல்ல வழக்கமன்று. “உங்க நரம்பு ரொம்ப மெல்லிசு” என்பது தோல்விக்கான அறிவிப்பு. “ஓடுது” என்பது அதன் மாற்று வடிவம். முதியவர்களிடம் சிரை உண்மையிலேயே ஓடும், பிடித்திருக்கும் திசு தளர்ந்திருப்பதால். கீழே கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்தால் நின்றுவிடும். இரு வடிவங்களிலும் குற்றம் ரத்தம் கொடுப்பவர்மேல் சாற்றப்படுவதும், அவர் “சாரி சிஸ்டர்” என்று மன்னிப்புக் கேட்பதும் கவனிக்கத்தக்கவை.

ஊசி வெளியே வந்ததும் பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொள்வது தமிழகம் தழுவிய பழக்கம். மடக்கினால் துளையின்மேல் அழுத்தம் சரியாக விழாது, கசிவு தோலுக்கு அடியில் பரவும். கையை நீட்டி வைத்துச் சில நிமிடம் விரலால் அழுத்துவதே முறை. தவறினால் ஊதா நிறத்தில் ஒரு தடிப்பு வரும். ஹீமோகுளோபின் சிதையச் சிதைய அது பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டொரு வாரத்தில் மறையும். அதற்குள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக நேர்ந்தால் முழுக்கைச் சட்டை பரிந்துரைக்கப்படுகிறது. தானம் செய்தவர் கால் மணி நேரம் உட்கார்ந்து மாம்பழச் சாற்றையும் பிஸ்கட்டையும் முடித்து எழ வேண்டும்; அன்று கனமான பொருள் எதையும் அந்தக் கையால் தூக்கலாகாது. அடுத்த தானத்துக்கு ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் காத்திருக்க வேண்டும்.