சர்வே சார்

கோல்ஃபைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் எடுத்த எடுப்பிலேயே இரண்டு சிக்கல். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டைக்குப் பெயர் பட்டர். பையைத் தூக்கிக்கொண்டு கூட வருகிறவர் கேடி. ‘பட்டரைக் கையில் பிடித்தார், கேடி பின்னால் நின்றார்’ என்று எழுதினால் ஏதோ கோயில் நகை காணாமல் போன வழக்கு என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன். பிறகு சர்வே சாரை நினைத்துக்கொண்டு, பட்டர் பட்டராகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், அதாவது கிரீனில், அவர் செய்வது பூஜைதான். மணி ஒன்றுதான் பாக்கி.

அவர் சர்வே இலாகாவில் வேலை பார்த்தவர் அல்லர். வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ‘சர்வே சார்’ என்பது கொடைக்கானல் மைதானத்துக் கேடிகள் வைத்த பெயர். பெயர் வைப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். எனக்கு என்ன பெயர் என்று நான் இதுவரை கேட்கவில்லை. இவரைப் போன்றவர்கள் ஊட்டியிலும் உண்டு, கோயம்புத்தூரிலும் உண்டு, சென்னை நந்தனத்திலும் உண்டு. கண்டுபிடிக்க அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் போதும். அரைஞாண் கட்டிய குழந்தை மாதிரி இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு இருக்கும்.

அந்தக் கோடு எப்படிப் பிறக்கிறது என்று ஒரு சனிக்கிழமை ராத்திரி அவர் வீட்டில் பார்த்தேன். சாப்பாட்டு மேஜைமேல் பழைய செய்தித்தாள் விரித்து ஒரு டஜன் பந்துகளை வரிசையாக வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர், பிரித்த உப்புப் பாக்கெட். பந்துக்குள்ளே எடை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்காதாம். கனமான பக்கம் உருளும்போது தன் இஷ்டத்துக்கு இழுக்குமாம். அதைக் கண்டுபிடிக்கப் பந்தை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும்.

நம் ஊரில் விதைநெல் தேர்ந்தெடுக்க இதையேதான் செய்வார்கள். கோழிமுட்டை மிதக்கும்வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மேலே வரும், நல்ல விதை அடியில் தங்கும். கோல்ஃப் பந்து முட்டையைவிட அழுத்தமான பிறவி. லிட்டருக்குக் கால் கிலோ உப்புப் போட்ட பிறகுதான் மனம் இரங்கி மேலே வந்தது. சர்வே சார் அதை விரலால் சுண்டிவிட்டார். சுற்றி நின்றது. மறுபடி சுண்டினார். மறுபடியும் அதே முகம் மேலே வந்தது. அங்கே ஒரு புள்ளி வைத்தார். பிறகு பந்தைத் துடைத்து, நடுவில் பிளவு விட்ட பிளாஸ்டிக் மூடி ஒன்றை அதன்மேல் கவ்வ வைத்து, பிளவுக்குள் மார்க்கர் பேனாவை விட்டு, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தார். மருதாணி வைத்த கையைப் போல அதைத் தொடாமல் காய வைத்தார்.

அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு பாக்கெட் உப்பு போச்சு, போகட்டும். அது ரசப் பாத்திரம், அதுவும் போகட்டும். புள்ளி வைக்கத் தெரியுது, கோடு இழுக்கத் தெரியுது. இந்த மனுஷன் விடியக்காலைல ஒரு நாள் வாசல்ல போட்டா எனக்கு எவ்வளவு ஒத்தாசையா இருக்கும்?” என்றார் என்னிடம்.

இப்போது கடையிலேயே கோடு போட்டு விற்கிறார்கள். காலவே நிறுவனம் மூன்று கோடு போட்ட பந்தை விற்கிறது, ‘டிரிபிள் டிராக்’ என்று பெயர். விமானம் தாங்கிக் கப்பலில் விமானத்தை இறக்குகிறவர்களுக்குக் கைகொடுக்கும் பார்வை நுட்பம் இது என்று விளம்பரம். நம் பிளஸ் ஒன் பிசிக்ஸ் லேபில் வெர்னியர் அளவியில் இரண்டு கோடு நேராகச் சேர்கிறதா என்று உற்றுப் பார்த்தோமே, அந்தத் திறமைதான். சர்வே சார் அதையும் வாங்கிப் பார்த்தார். படுக்க வைத்தால் விபூதிப் பட்டை, நிமிர்த்தி வைத்தால் நாமம். சைவ வைணவச் சண்டை தீராமல் கடைசியில் தன் கைக்கோட்டுக்கே திரும்பிவிட்டார்.

சும்மா சொல்லக் கூடாது, கோட்டில் விஷயம் இல்லாமல் இல்லை. கிரீனில் பந்து கிடக்கும் இடத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் பந்தைக் கையில் எடுக்கலாம், துடைக்கலாம். திரும்ப அதே இடத்தில் வைக்கும்போது கோட்டை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வைத்துக்கொள்ளலாம். விதி அனுமதிக்கிறது. குறி காட்டுவதற்காகத் தரையில் ஒரு குச்சியை வைத்தால் தண்டனை, அதே குச்சியைப் பந்தின்மேல் வரைந்துகொண்டால் தண்டனை இல்லை. கோடு உடையாமல் ஒரே கீற்றாக உருண்டால் மட்டை சரியாகப் பட்டது என்று தெரியும். தள்ளாடினால் கோணலாகப் பட்டது என்று தெரியும். ஆக, கோடு நல்ல வாத்தியார். சர்வே சார் நல்ல மாணவர்தானா என்பதுதான் கேள்வி.

அவர் பூஜையை ஒரு தடவை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். முதலில் அடையாளம். எல்லாரும் பிளாஸ்டிக் பொட்டு ஒன்றை வைப்பார்கள். அவர் வைப்பது ஓட்டைக் காலணா, அவருடைய தாத்தா காலத்துக் காசு. அதைப் பந்துக்குப் பின்னால் செருகிவிட்டுப் பந்தை எடுத்துக் கேடியிடம் கொடுப்பார். கேடி ஈரத் துண்டால் அபிஷேகம் செய்து திருப்பிக் கொடுப்பார். பிறகு குழியை வலம் வருவார். நாலு பக்கமும் நின்று சரிவு பார்ப்பார். பட்டரை இரண்டு விரலால் மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிட்டு, கொத்தனார் தூக்குக்குண்டு பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். சுவர் எழுப்பியிருந்தால் இதற்குள் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருக்கும்.

“எப்படிப்பா?” என்பார் கேடியிடம்.

“ஒரு கப் லெஃப்ட் சார்.” குழியின் அகலம் எவ்வளவோ அவ்வளவு இடப்பக்கம் தள்ளிக் குறி வைக்கச் சொல்கிறார். இருபது வருஷமாக அந்தப் புல்லை மிதிக்கிற மனிதர். அத்துடன் முடிய வேண்டிய விஷயம்.

சர்வே சார் மண்டியிட்டு உட்கார்ந்து பந்தைக் கீழே வைத்து, பாட்டிகள் அகல்விளக்கில் திரியை நகர்த்துவார்களே, அப்படி நகத்தால் இம்மி இம்மியாகத் திருப்புவார். திருப்தி. காசை எடுப்பார். எழுந்து பந்தின் பக்கவாட்டில் வந்து நிற்பார். குனிந்து பார்ப்பார். முகம் மாறிவிடும். பின்னாலிருந்து பார்த்தபோது குழியைக் காட்டிய கோடு, மேலேயிருந்து பார்க்கும்போது பக்கத்துத் தேயிலைக் கடையைக் காட்டும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து பார்க்கும் கண்ணும் நின்று பார்க்கும் கண்ணும் ஒரே கோணத்தில் இல்லை, அவ்வளவுதான். கோடு போடுகிற எல்லாருக்கும் இது தெரியும். ஒன்று, பின்னாலிருந்து பார்த்ததை நம்பி அடிக்க வேண்டும்; இல்லை, கோடே வேண்டாம் என்று கண்ணை நம்ப வேண்டும். சர்வே சார் மூன்றாவது வழியைக் கண்டுபிடித்திருக்கிறார். காசைத் திரும்ப வைத்து, முதலிலிருந்து தொடங்குவார்.

2019இல் கோல்ஃப் விதிகளைத் திருத்தியபோது, ஓர் அடியை 40 விநாடிக்குள் அடித்துவிடுவது நல்லது என்று பரிந்துரைத்தார்கள். கடன் ஒப்பந்தம் படித்துப் பழகியவர் அல்லவா, ‘நல்லது’ என்பதற்கும் ‘கட்டாயம்’ என்பதற்கும் இடையில் ஒரு மைதானமே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதே வருஷம் பிரைசன் டிஷாம்போ என்ற அமெரிக்க ஆட்டக்காரர், எட்டடித் தூரத்துப் பந்தை இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆராய்ந்து அடித்தார். விழவில்லை. உலகமே திட்டியது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் அந்த வீடியோவை வேண்டுமென்றே சர்வே சாருக்குப் போட்டுக் காட்டினார். முழுக்கப் பார்த்துவிட்டு, “பந்தை எப்படி வச்சாருன்னு கிட்டத்துல காட்டவே இல்லையே” என்றார்.

அவரை நடுங்க வைக்கிற கதை வேறு. 2017இல் அமெரிக்காவில் ஒரு பெரிய போட்டி. லெக்ஸி தாம்சன் என்ற பெண், தட்டினாலே விழுந்துவிடுகிற தூரத்தில் பந்தை எடுத்துத் திரும்ப வைக்கும்போது சுமார் ஓர் அங்குலம் தள்ளி வைத்துவிட்டார். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் மறுநாள் மின்னஞ்சல் போட்டார். இடம் மாறி வைத்ததற்கு இரண்டு, அதனால் முந்தின நாள் கணக்குச் சீட்டு தப்பாகிப்போனதற்கு இரண்டு, ஆக நாலு அடி தண்டனை. முன்னணியில் இருந்தவர் கடைசியில் கோப்பையை இழந்தார். கொடைக்கானலில் எங்களை யாரும் டிவியில் காட்டுவதில்லை. ஆனாலும் சர்வே சார் காசை வைக்கும்போது ஒரு தடவை மரங்களைச் சுற்றிப் பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். “சார், குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். பத்தடியிலிருந்து ஒரு டிகிரி பிசகினால் பந்து நடுவை விட்டு 5 சென்டிமீட்டருக்கு மேல் விலகிடும், அதாவது குழியின் விளிம்புக்கே போயிடும். உங்க கோட்டில் மேலேயிருந்து தெளிவாத் தெரியற நீளம் 3 சென்டிமீட்டர். அதில் ஒரு டிகிரின்னா அரை மில்லிமீட்டர். உங்க மார்க்கர் பேனாவின் நுனியே ஒரு மில்லிமீட்டர். பிடிக்கப் போற பிழையைவிடக் கோட்டோட தடிமன் பெரிசு சார்.” போதாததற்கு, பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது அடிக்கும் நேரத்தில் மட்டையின் முகம்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கோடு குழியைப் பார்த்துக்கொண்டிருக்க, மட்டை ஏரியைப் பார்த்தால், பந்து மட்டையின் பேச்சைத்தான் கேட்கும்.

அவர் என்னை வெகு நேரம் பார்த்தார். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை 0.4 மில்லிமீட்டர் பேனாவால் போட்ட கோட்டுடன் வந்தார்.

இவ்வளவுக்கும் பிறகு பந்து விழுகிறதா என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் விழுகிற அளவுக்கு விழுகிறது. ஆனால் விழாதபோதுதான் அவரைப் பார்க்க வேண்டும். மட்டையைத் தரையில் ஓங்கிக் குத்துகிறவர்கள் உண்டு, தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. இவர் முகத்தில் ஒரு சஞ்சலமும் இருக்காது. பந்து அரையடி தள்ளி நிற்கும். அவர் பந்தைப் பார்க்க மாட்டார். பந்து கிளம்பிய இடத்தைப் பார்ப்பார். “கோடு சரியாத்தான் இருந்துச்சு” என்பார்.

இந்த ஒரு வாக்கியம் எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆயிற்று. கடன் பிரிவில் இருந்தவர். கடன் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அது மழையின் கையில், மார்க்கெட்டின் கையில், வாங்கினவன் மச்சினன் கையில். ஆனால் ஃபைலில் ஒவ்வொரு தாளும் இருக்க வேண்டும், ஒவ்வொரு கையெழுத்தும் கோட்டுக்குமேல் இருக்க வேண்டும். பிற்பாடு யார் வந்து கேட்டாலும் எடுத்து நீட்டலாம். பனி, புல், காற்று, காட்டுமாட்டின் குளம்புத்தடம் எல்லாம் சதி செய்து பந்தை வாராக்கடன் ஆக்கிவிட்டன. ஃபைல் சுத்தம்.

போன மாதம் நடந்தது இது. சாயங்காலம், மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்தின குழி. பந்தயம் நூறு ரூபாய். சர்வே சாருக்கு இருபதடி பாக்கி. காசு வைத்தாயிற்று, அபிஷேகம் ஆயிற்று, மண்டியிட்டு நகத்தால் திருப்பிக்கொண்டிருந்தார். கிரீனுக்கு அப்பால் சோலை ஓரத்தில் ஒரு காட்டுமாடு வெளியே வந்தது. இங்கே அது அதிசயமில்லை. ஆளுயரத்தில் திமில், நாலு காலிலும் வெள்ளைச் சாக்ஸ். தன்பாட்டுக்கு மேய்ந்துவிட்டுப் போகும். இது மேயவில்லை. எங்களை நோக்கி நடந்தது.

“சார், மாடு வருது” என்றார் கேடி.

“கொஞ்சம் இருப்பா.”

நாங்கள் மூன்று பேரும் பரந்த மனப்பான்மையுடன் பைகளைக்கூட எடுக்காமல் பின்னால் நகர்ந்தோம். சர்வே சார் எழுந்தார், குனிந்து பார்த்தார், முகம் மாறியது, காசைத் திரும்ப வைத்தார்.

“சார், கிரீன்கிட்ட வந்துருச்சு சார்!”

அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். அது மூச்சுவிட்டது எங்களுக்கே கேட்டது. கையிலிருந்த பந்தைக் காசுக்கு முன்னால் பொத்தென்று வைத்தார், காசைப் பிடுங்கினார், நின்ற வாக்கில் ஒரு தட்டுத் தட்டினார், ஓடினார். பந்து மேட்டில் ஏறி, சரிவில் வளைந்து, யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி போய், டொக்கென்று குழிக்குள் விழுந்தது. மாடு ஒரு கணம் குழியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போயிற்று.

நாங்கள் கைதட்டினோம், முதுகில் தட்டினோம், நூறு ரூபாயை நீட்டினோம். அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை. கிளப் கட்டடம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. படியேறும்போது தாங்காமல் திரும்பி, கேடியைக் கேட்டார்.

“ஏம்ப்பா, நீ பின்னாலதானே இருந்தே. கோடு எந்தப் பக்கம் பாத்துச்சு?”

“மாட்டைப் பாத்து சார்.”