மெட்ராஸைக் காணோம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "பட்டப்பகல்ல பிளாட்பார முனையில பிளாஸ்க்கோட நிக்கிறானே, வேலை போயிடுச்சா?" என்று மாமா கேட்டதாக எழுதியிருந்தாய். வேலை இருக்கிறது. அன்று சனிக்கிழமை. இடம் இங்கிலாந்தில் டாம்வொர்த் ஸ்டேஷன். பக்கத்தில் மழைக்கோட்டு போட்டு நிற்பவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். வயதானவரைக் குளிரில் கூட்டிப்போய் நிறுத்தினாயா என்று அம்மா திட்ட வேண்டாம், நிறுத்தப்பட்டவன் நான்தான்.

இவர் 1950களில் அரைக்கால் சட்டையோடு இதே இடத்தில் நின்று நீராவி இன்ஜின்களின் நம்பர் பிடித்தவர். இங்கே ஒரு ரயில் பாதைக்கு மேலே இன்னொன்று குறுக்கே போகிறது. அந்தக் காலத்தில் ஒரே பிளாட்பார டிக்கெட்டில் இரண்டு பாதை இன்ஜின்களும் கிடைக்குமாம். விடுமுறை வந்தால் பையன்கள் கூட்டம் நெரியுமாம்.

இதற்கெல்லாம் காரணம் இயன் ஆலன் என்ற வாட்டர்லூ ரயில்வே கிளார்க். இன்ஜின்களைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதி அலுத்துப்போய், 1942இல் நம்பர்களையெல்லாம் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டுவிட்டார். பார்த்த நம்பரின் கீழே கோடு போட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஆனால் அந்தக் கோட்டுக்கு இருக்கிற சட்டம் இருக்கிறதே! சொந்தக் கண்ணால் நம்பரைப் பார்த்திருக்க வேண்டும். சத்தம் கேட்டது செல்லாது. நண்பன் பார்த்தது செல்லாது. கடைசி எண்ணைப் புகை மறைத்தால் செல்லாது. ஒருநாள் இவர் தும்மிய நேரத்தில் ஒரு இன்ஜின் போய்விட்டதாம். இரண்டு பக்கமும் நின்றவர்கள் நம்பரைச் சொல்லியும் இவர் கோடு போடவில்லை. "போட்டிருந்தா யாருக்குத் தெரியும்?" என்றேன். டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், பரீட்சையில் காப்பியடித்தவன் மாதிரி கூசிப்போனேன். சும்மா இருக்காமல், "ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டா? கெஜட்டட் ஆபீசர் சீல் வெச்சா?" என்றும் கேட்டுத் தொலைத்தேன். அரைமணி நேரம் பேசவில்லை.

பேசியபோது வினை ஆரம்பித்தது. ஜூபிலி என்று ஒரு வகை, மொத்தம் 191 இன்ஜின். கிட்டத்தட்ட பாதி வெள்ளைக்காரன் ஆண்ட ஊர்ப் பெயர்கள். 45574 இந்தியா, 45576 பம்பாய், 45577 பெங்கால், எல்லாவற்றுக்கும் அவர் புத்தகத்தில் ஸ்கேல் வைத்த கோடு. நடுவில் 45575 மெட்ராஸ் மட்டும் மொட்டையாக நிற்கிறது. "நீ மெட்ராஸ்தானே?" என்றார், நானே எங்கோ ஒளித்துவைத்த மாதிரி. விழுப்புரம் என்றேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை.

இனி அதைப் பார்க்கவும் முடியாது. 1968 ஆகஸ்ட் 11ஆம் தேதி பிரிட்டிஷ் ரயில்வேயில் கடைசி நீராவிப் பயணம் விட்டார்கள், டிக்கெட் பதினைந்து கினி. அதற்கு முன்பே மெட்ராஸைப் பழைய இரும்பாக உடைத்தாகிவிட்டது. 191இல் பிழைத்தவை நாலே நாலு. அதில் ஒன்று 45593 கோலாப்பூர்! கோலாப்பூருக்கு இருந்த யோகம் மெட்ராஸுக்கு இல்லையா? நான் பிறப்பதற்கு முன்னால் உடைத்த இன்ஜினுக்காக எனக்கு ஏன் வயிறு எரிய வேண்டும் என்று கேட்காதே. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் எதற்கும் எரியும்.

சித்தப்பா குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒய்.பி. நீராவி இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? கரித்தூள் விழுந்த கண்ணைக் கசக்கிக்கொண்டே நீ டிரைவருக்கு டாட்டா காட்டுவாய். எத்தனை சாயங்காலம் நின்றோம், ஒரு நம்பராவது எழுதி வைத்தோமா? பெரியவரிடம் சொன்னேன். நம்பர் இல்லாவிட்டால் பார்த்ததாகவே ஆகாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். ராத்திரி தூக்கம் வரவில்லை அக்கா. உனக்கு ஒரு நம்பராவது நினைவிருந்தால் எழுது. நீ சொல்லி நான் கோடு போட்டால் செல்லாதுதான், இருந்தாலும் எழுது.

கோலாப்பூர் இருப்பது பர்மிங்காமில் டைஸ்லி பணிமனையில். என்னை அங்கே கூட்டிப்போகிறாராம். எனக்கென்றே கோடு படாத பழைய புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். ஆனால் ஓய்வுபெற்ற இன்ஜினைப் பார்த்துக் கோடு போடலாமா கூடாதா என்பதில் அவருக்கே சந்தேகம். இவரைப் போலவே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களையும் கலந்து பேசித் தீர்ப்பு சொல்வாராம். அதுவரைக்கும் பென்சில் மட்டும்தான் கொண்டுவரலாம் என்று உத்தரவு.

அன்புடன்,
உன் தம்பி